பாலம் கட்டப் போன மாப்பிள்ளை

அன்பு மகளுக்கு அப்பா ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, மற்றபடி கடையும் வீடும் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. நீ அங்கே உடம்பும் மனசும் திடமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேரின் நினைப்பும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் அப்பா என்று ஒரு கத்துக் கத்துவாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன். கடிதம் என்றால் முழுவதையும் கொட்டிவிடலாம். பத்து நாளில் வந்து சேர்ந்துவிடும் என்று தபால் அலுவலகத்து அம்மாள் சொன்னார், நீ கிளம்புவதற்கு முன்னால் கைக்குக் கிடைத்தால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பழைய சிநேகிதி ஒருத்தி, வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வாமே, வாழ்த்துகள் என்று உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். நீ எங்களிடம், "நான் வர்றதுக்குள்ள ஒரு லிஸ்ட் போட்டு வைங்க, யார்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்கன்னு பார்த்து மனப்பாடம் பண்ணிட்டு இறங்கறேன்" என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாய். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உனக்குத் தெரிந்தது பதவி உயர்வு மட்டும்தான். நடந்தது அதைவிடப் பெரிய கூத்து. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி.

நீயும் மாப்பிள்ளையும் பிரிந்துவிட்டதாக நீ சொன்ன அந்த வாரத்திலேயே பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவர் தன் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது என்று நம் கண்ணாடிக் கடைக்கு வந்தார். நான் திருகை மாட்டிக்கொண்டிருக்கும்போது, "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்றார். கையில் அரிசியைவிடச் சின்னத் திருகு, வாயில் என்ன வரும், நல்லா இருக்கார் என்றேன். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, அந்தப் பிள்ளை எங்கேயோ நன்றாகத்தானே இருப்பான். அவர் அதோடு விடுகிற ஆளா. வேலையெல்லாம் எப்படி, இன்னும் அதே கம்பெனிதானா, சம்பளம் ஏத்தினாங்களா, சொந்த வீடு வாங்கிட்டாங்களா, குழந்தை குட்டி ஏதும் உண்டா, ஏன் இன்னும் இல்ல, டாக்டர்கிட்ட காட்டினாங்களா என்று மூச்சுவிடாமல் கேட்டார். ஒரு திருகு மாட்ட ஆகிற நேரத்தில் மனுஷன் உன் வீட்டுச் சமையலறை வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டார். கடைசிக் கேள்வியிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் பதவி உயர்வு வரும்போல இருக்கு, அதனால இப்போ வேற எதுக்கும் நேரமில்ல என்று சொன்னேன். மறுவாரம் தெரு முழுக்கப் பதவி உயர்வு வந்துவிட்டது. நான் கொடுக்கவில்லை, தெருவே கொடுத்தது.

என் தொழில் உனக்குத் தெரியும். கண் பார்க்க வருகிறவர்கள் முகவாயை மிஷினில் வைத்து நெற்றியை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அசையாதீங்க என்றால் தலை அசையாது, வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நானோ அவர்களுக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து ஓடவும் முடியாது. நாள் முழுக்க இது தெளிவா அது தெளிவா என்று கேட்டே பிழைக்கிறவன், அவர்கள் கேட்கக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி. ஆகவே ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். மாப்பிள்ளை மாடியில் தொட்டி வைத்துத் தக்காளி வளர்க்கிறார் என்றேன். முதுகுவலி வந்து, டாக்டர் சொல்லி, நீச்சல் கற்றுக்கொண்டார் என்றேன். சைக்கிளில்தான் ஆபீஸ் போகிறார் என்றேன். உன்னிடம் ஒளிப்பானேன், சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஆளைப் பிடித்துப்போய்விட்டது. நிஜ மாப்பிள்ளை இரண்டு வருஷத்தில் என்னிடம் மொத்தமாக நாற்பது வார்த்தை பேசியிருப்பார். நான் வளர்த்த மாப்பிள்ளை வாராவாரம் போன் செய்து முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு நாள் கடையை அடைக்கும்போது, தக்காளிக்குப் பூச்சி வராமல் இருக்க என்ன போடலாம் என்று நிஜமாகவே யோசித்துக்கொண்டு நின்றேன் என்றால் பார்த்துக்கொள்.

நான்தான் இப்படி என்று நினைத்தேன். அம்மா தனியாக ஒரு திட்டம் நடத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. காலையில் பூங்காவில் நாலு பேரோடு நடக்கிறாள் அல்லவா, அங்கே முதல் சுற்றிலேயே கேட்டிருக்கிறார்கள், என்ன உங்க பொண்ணு போட்டோ போட்டா தனியாவே நிக்கறா என்று. அம்மா கணக்கு டீச்சராக இருந்தவள், ஒரே விடையில் எல்லாக் கேள்வியையும் அடைக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை வேறொரு நாட்டில் பாலம் கட்டப் போயிருக்கிறார், இரண்டு வருஷ வேலை, அங்கே போன் சரியாக எடுக்காது என்று சொல்லிவிட்டாள். குளிர்சாதனப்பெட்டிக் கம்பெனியில் கதவுக்குப் படம் வரைகிற பிள்ளைக்குப் பாலம் எப்படி வந்தது என்று பின்னால் கேட்டேன். ரெண்டும் வரையறதுதானே என்றாள்.

இப்படி வீட்டில் ஒரு மாப்பிள்ளை தக்காளி வளர்க்க, இன்னொரு மாப்பிள்ளை வெளிநாட்டில் பாலம் கட்ட, ஒரு வருஷத்துக்கு மேல் வண்டி ஓடிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்பு அம்மாவோடு நடக்கும் மருந்துக்கடைக்காரர் மனைவி கண் பார்க்க என்னிடம் வந்தார். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் நிறுத்திக்கொண்டு, மகள் எப்படி இருக்கா என்றார். நான் பழக்க தோஷத்தில், "நல்லா இருக்கா, நேத்துகூட ரெண்டு பேருமா மார்க்கெட்டுக்குப் போய்த் தொட்டிக்கு மண் வாங்கிட்டு வந்தாங்களாம்" என்றேன். அந்த அம்மாள் ஒற்றைக் கண் மூடியிருக்க இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்தார். நான் போட்ட கண்ணாடியில் என் முகம் அவருக்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கும். "பாலம் கட்டப் போனவர் எப்போ வந்தார்?" என்றார். எந்தப் பாலம் என்று கேட்க வாயைத் திறந்தேன், எந்தக் கடவுள் புண்ணியமோ, லீவு என்று வந்துவிட்டது. எத்தனை நாள் லீவு? பத்து நாள். பத்து நாள் லீவுல தக்காளியா? சீக்கிரம் காய்க்கிற ரகம் என்றேன். வேர்த்துவிட்டது பாப்பா, அன்றைக்கு அவருக்கு எழுதிக்கொடுத்த பவர் சரிதானா என்று இரண்டு தடவை சோதித்தேன்.

அன்று மாலை அம்மா செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். "நான் அவ்வளவு தூரத்துல கொண்டுபோய் வச்சவரை யாரைக் கேட்டு லீவுல கூட்டிட்டு வந்தீங்க?" என்று ஒரு சத்தம். சண்டை போட்டோம், பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். கடைசியில் ஒரு நோட்டை எடுத்து இரண்டு கதையையும் ஒட்டவைத்து எழுதினோம். பாலத்தின் முதல் பாதி முடிந்தது, அதைப் பாராட்டித்தான் பதவி உயர்வு, அதற்காகத்தான் லீவு. ஆக, நீ கேட்ட லிஸ்ட் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. நீ அடுத்த மாதம் வருவதைக்கூட நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, தனியாக ஏன் வருகிறாள் என்று கேட்பார்களே என்ற பயம்தான்.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். உன் பெரிய அத்தைக்கு எழுபது வயது, மத்தியானம் சாப்பிட வாங்க என்று எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள். நீ பன்னிரண்டு வயதில் அவளுக்கு விசாரணைக் கமிஷன் என்று பெயர் வைத்தாய், அந்தப் பதவியில் அவள் இன்னும் ஓய்வு பெறவில்லை. போன வருஷம் மின்விசிறி சரிசெய்ய வந்தவரை ஏணியில் நிற்கவைத்தே ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டாள், அவர் ஒயரைச் சேர்க்காமலே இறங்கிப் போய்விட்டார். கண் ஆபரேஷனுக்கு மேஜையில் படுத்தபிறகு டாக்டரிடம் பரீட்சையில என்ன மார்க் வாங்கினீங்க என்று கேட்டவள். பாவம், அவரும் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்குப் போகிறோம் என்றால் நானும் அம்மாவும் பஸ்ஸில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி படித்துக்கொண்டு போனோம். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நாடகம் எழுதறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை என்று நினைத்தேன், அப்படி ஆகவில்லை.

சாப்பாடு நல்லபடியாகப் போனது. அத்தையின் பிள்ளைகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு பேர், கூடம் கொள்ளவில்லை. கைகழுவி உட்கார்ந்ததும் அத்தை அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் நின்று எழுந்திருடா என்றாள். எழுந்தேன். பைக்குள்ளிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து என் மார்பில் வைத்துப் பார்த்தாள். சாம்பல் கலந்த நீலம், முன்னால் இரண்டு பாக்கெட், கழுத்துக்குக் கெட்டியாகப் பட்டி. "மாப்பிள்ளையும் உன் உடம்புவாகுதான், கல்யாண போட்டோவை வச்சு அளவு எடுத்தேன். அந்தக் குளிர்ல பாலத்து மேல நிக்கறவருக்குப் பாக்கெட் வேணும்ல. கீழ் வீட்டுக்காரங்க அடுத்த வாரம் நம்ம பொண்ணு இருக்கற ஊருக்குத்தான் போறாங்க, குடுத்துவிடறேன்னு சொல்லிட்டேன், அங்கிருந்து அவ அவருக்கு அனுப்பிடுவா" என்றாள். மூன்று மாதத்துக்கு முன்பு கடைக்கு வந்து கிட்டத்துல பார்க்க இன்னும் பவரா ஒரு கண்ணாடி போட்டுத் தா என்று கேட்டாள், நானும் போட்டுக் கொடுத்தேன். எதற்கு அக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வி கேட்கிறவர்களைக் கண்டாலே ஒளிந்து ஒளிந்து, கேட்க வேண்டிய கேள்வியையும் மறந்துவிட்டிருந்தேன். கண் தெரியாம மூணு தடவை பிரிச்சுப் பின்னினேன்டா என்று சொல்லிச் சிரிக்கிறாள். அதற்கு மேல் என்னால் நோட்டில் இருப்பதைச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, அவர் அங்க இல்ல. ஒன்றரை வருஷமா இல்ல. ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க" என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் கூடத்தில் பன்னிரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள். எனக்குப் பின்னாலிருந்து அம்மா, "பாலமும் இல்ல அண்ணி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அத்தை அந்தப் பவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன், யார் மேல தப்பு, எப்போ, எதனால, பேசிப் பார்த்தீங்களா, வேற யாராவது உண்டா என்று வரிசையாக வரப்போகிறது என்று. அவள் ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தடவிக் கொடுத்தாள். பிறகு, "அப்போ அந்தக் குளிர்ல இவ தனியாவா இருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவளோட தோளளவு என்ன?" என்றாள். அவ்வளவுதான். கேட்டுக்கொண்டே அடிப்பக்கத்து முடிச்சைத் தேடிப்பிடித்து நூலை இழுக்க ஆரம்பித்துவிட்டாள், மூன்று மாத வேலை எங்கள் கண் முன்னால் வரிவரியாகப் பிரிந்தது. அம்மா ஏதோ ஒரு அளவு சொன்னாள். "உங்க குத்துமதிப்பு எனக்கு வேண்டாம், பாலம் கட்டினவங்க நீங்க" என்றாள் அத்தை. அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள், அம்மாதான் அதிகமாகச் சிரித்தாள். மருமகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னதான் நடந்துச்சு மாமா என்று ஆரம்பித்தார். அத்தை நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "நானே கேக்கல, நீங்க யாரும் கேக்க வேண்டாம்" என்றாள். மருமகன் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "நான் கேப்பேன்னு பயந்தா இத்தனை நாள் ஒளிச்சே?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். "கேட்டிருப்பேன். நீ பதில் சொல்லலைன்னா அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். எனக்கு வாய் சும்மா இருக்காது, அதுக்காக நீ எல்லாத்துக்கும் பதில் எழுதணும்னு யாருடா சொன்னது?" என்றாள். அறுபத்தாறு வயது வரை எனக்கு இது தோன்றவே இல்லை.

மறுநாள் அம்மா பூங்காவில் முதல் சுற்றிலேயே சொல்லிவிட்டாள். இரண்டாவது சுற்று முழுக்க ஒருவரும் பேசவில்லையாம், அம்மாவுக்கு இத்தனை வருஷத்தில் நிம்மதியாக நடந்த சுற்று அது ஒன்றுதானாம். மருந்துக்கடைக்காரர் மனைவி அந்த நடைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடிச் சட்டத்தை இறுக்கிக்கொள்ளக் கடைக்கு வந்தார், நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "அப்போ அந்தப் பாலம்?" என்றார். கட்டவே இல்லை என்றேன். முகம் விழுந்துவிட்டது, பாதி முடிந்த பாலத்தை அவர் தன் தங்கை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அப்புறம் ஏன், என்ன, எப்படி என்று கேட்டார். அதெல்லாம் அவ விஷயம்ங்க, மூக்குல அழுத்துதா பாருங்க என்றேன். அழுத்தவில்லை என்றார். எனக்கும் லேசாக இருந்தது.

இப்போது எழுதக் கஷ்டமாக இருப்பதை எழுதிவிடுகிறேன். நீ எங்களிடம் விஷயத்தைச் சொன்ன அன்று மூன்றே வாக்கியத்தில் சொன்னாய். உன் குரல் நடுங்கவில்லை, அதற்கு எவ்வளவு பழகிப் பார்த்திருப்பாய் என்று இப்போது நினைக்கிறேன். நான் எடுத்த எடுப்பில், நீ கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன். வைக்கிறேன்ப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய். ஒன்றரை வருஷமாக முடிவெட்டுகிறவரையும் நடைக்கூட்டத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன், அவர்கள் கேட்ட அத்தனையிலும் மோசமானதை முதல் நாளே கேட்டவன் நான்தான். ஊர் உன்னைக் கேட்டுவிடக் கூடாது என்று பாலம் கட்டினோம் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ எங்களை மறைக்கச் சொல்லவே இல்லை. ஊர் என்னைக் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருந்தது, அதுதான் நிஜம். அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். கேட்டிருக்கவே கூடாது. அப்பாவை மன்னித்துக்கொள்.

நோட்டைக் கிழித்துப் போட்டாயிற்று, ஆகவே லிஸ்ட் கிடையாது. நீ தலை நிமிர்ந்து இறங்கி வா. கேட்கிறவர்கள் கேட்பார்கள், ஏன் இளைச்சிருக்கே என்று ஒருவரும் ஏன் பெருத்திருக்கே என்று இன்னொருவரும் ஒரே மத்தியானத்தில் கேட்பார்கள். விருப்பம் இருந்தால் சொல், இல்லாவிட்டால் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடு. நானும் அம்மாவும் எதையும் கேட்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம், எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. பயணத்துக்குக் கனமான பெட்டி வேண்டாம், ஜன்னலோர இடம் கேட்டு வாங்கு, விமானத்தில் கண்ணைக் கசக்காதே, காற்று வறண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கிடைத்த அன்றே தோளளவு, மார்பளவு, கைநீளம் மூன்றையும் போனில் சொல்லிவிடு. அத்தை நூலை உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொண்டு தினமும் காலையில் போன் செய்து, அளவு வந்துச்சா என்று உயிரை எடுக்கிறாள். பாக்கெட் வேண்டுமா என்றும் கேட்டாள், வேண்டும் என்று நானாகச் சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். நீ நினைத்தது நினைத்தபடி நடக்கட்டும், மனசு நிறைய நன்றாக இரு.

என்றும் உன் நலமே விரும்பும்
அப்பா

கீழே அம்மா எழுதுகிறேன். நாடா வைத்து அளந்து சொல், கண் அளவு ஆகாது. தனியாக அளந்தால் தோளளவு சரியாக வராது, பக்கத்தில் யாரையாவது பிடிக்கச் சொல். யார் பிடித்தார்கள் என்று நான் கேட்க மாட்டேன்.